நீளமான கருப்பு முடி

காலையில் கணவர் பியோங்சுவின் தாடைக் கீறலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டபோதுதான், அவர் சட்டையில் அந்த நீளமான கருப்பு முடி மிர்யோங்கின் கண்ணில் பட்டது. அவளுக்கோ காதளவு வெட்டிய நரைமுடி.

முடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தங்கை சொங்நானோடு அவரைப் பின்தொடர்ந்தாள். ஆபீஸுக்கு என்று கிளம்பியவர் நேராக அரண்மனைக்குள் நுழைந்தார். கூட்டத்தில் தவறவிட்டார்கள்.

"எவளோ இங்கதான் காத்திருக்கா."

"அந்தக் காலத்து ஹன்போக் உடுத்தி வந்தா டிக்கெட் வேண்டாம்னு ஊர்ப்பட்ட பொண்ணுங்க நிக்கிறாங்க அக்கா. இதுல எவளைன்னு பிடிக்கிறது?"

"முடியை வச்சுப் பிடிப்பேன்."

"பிடிக்கலாம். முதல்ல அந்தக் காவலாளி பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன். அரண்மனையே புதுசாக் கட்டினது, இதுக்கு வேஷம் போட்ட காவல் வேற."

சிவப்பு அங்கியும் ஈட்டியுமாக அசையாமல் நின்ற காவலாளியின் அருகில் போய் நின்றாள் மிர்யோங். காற்றில் அவனுடைய நீளமான கருப்பு ஒட்டுத்தாடி ஒரு பக்கம் விலகியது.

அடியில் பிளாஸ்திரி.

அவன் அப்போதும் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது.

மிர்யோங் கைக்குட்டையை அவிழ்த்து முடியைக் காற்றில் விட்டாள்.

"என்னக்கா, ஆளைப் பார்த்துட்டியா?"

"இல்லடி. அவர் ஆபீஸ்லதான் இருப்பாரு. வா, வீட்டுக்குப் போலாம்."