தானாகப் பறக்கிறது

"உம் கொட்ட வாய் மட்டும்தான் இங்க இருக்கு, மனசு எங்கேயோ மேயறது. என் தம்பி பேசறது உன் காதுல விழறதா இல்லையாடி?"

விடிந்ததிலிருந்து பாகீரதி இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"விழறது அக்கா," என்றாள் அனந்தலக்ஷ்மி. ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் ஹௌராவில் ரயில் இறங்கி, பவானிபூரில் தம்பி வீட்டுக்கு வந்தவள் பாகீரதி. தம்பி வைத்தீஸ்வரன் பென்ஷன் வாங்கி வீட்டோடு இருக்கிறான். நேற்றுக் காலை பேப்பரும் கையுமாக வந்து, சீமையில் ஒருத்தன் ஏரோப்ளேனில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றானாம், அது பாட்டுக்குப் பறந்ததாம் என்று எத்தனை ஆசையாகச் சொன்னான். பெண்டாட்டியானவள் கண்ணையாவது விரிக்க வேண்டாமோ? "அப்படியா, கீழே விழாதோ?" என்றாள். அதோடு சரி.

ஆட்டோபைலட் என்ற பெயர் ஊருக்குள் வராத காலம். பெயர் வராவிட்டால் என்ன, பாகீரதிக்கு வாய் இருந்தது.

"நீயும் அந்த ஏரோப்ளேன்தான். ஓட்டற ஆள் இல்லாமலே சமைக்கறே, பெருக்கறே, பதில் சொல்றே. நான் அவனைத் தஞ்சாவூருக்கே அழைச்சிண்டு போறேன். அங்க அவன் பேச்சைக் கேக்க மனுஷா இருக்கா."

கீரை ஆயும் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

அப்போது வைத்தீஸ்வரன் பேப்பரோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, கேட்டியா? சீமையில ஒருத்தன் ஏரோப்ளேன்ல ரெண்டு கையையும் தூக்கிண்டு நின்னானாம்..."

"இதை நேத்திக்கே..." என்று பாகீரதி ஆரம்பிப்பதற்குள், அனந்தலக்ஷ்மியின் ஈரக் கை அவள் மணிக்கட்டை அழுத்தியது.

"அப்படியா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "கீழே விழாதோ?"

"விழல்லையே. அதானே அதிசயம்." பூரித்துப்போய், பேப்பரை அக்கா மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

பாகீரதி அதைப் பிரித்தாள். மடிப்பெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி.

"தெனம் கார்த்தால அவருக்கு அது புதுசு," என்றாள் அனந்தலக்ஷ்மி. "அழைச்சிண்டு போங்கோ அக்கா. எனக்கும் அசந்து போயிடுத்து. ஆனா, இதை முன்னாடியே கேட்டாச்சுன்னு மட்டும் அங்க யாரும் அவர்கிட்ட சொல்லிட வேண்டாம்."