கத்திரிப்பூச் சாயம்

"கொஞ்சம் உப்பு போடட்டுமா?"

"நேத்து நீங்க செஞ்ச உதவியே போதும். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

கணவன் உப்பு டப்பாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். பஸ் கண்டக்டர். வண்டியில் நாற்பது பேரை அதட்டி உள்ளே தள்ளுகிறவன், இன்று லீவு போட்டுவிட்டு அடுப்படியில் பெட்டிப் பாம்பாக அடங்கி நின்றான்.

அடுப்பில் அலுமினியப் பாத்திரம் நிறையக் கத்திரிப்பூ நிறத்தில் சாயம் கொதித்தது. நாடக உடைகள் தைக்கும் கம்பெனியில் சாயம் போட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேற்று அவள் போயிருந்தாள். ராணி வேஷத்து அங்கியின் உள்மடிப்பிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணியை வெட்டிக் கொடுத்தார் முதலாளியம்மா. கூடவே அதே ரகத்தில் கொஞ்சம் வெள்ளைத் துணி.

"இந்த நிறத்தை வெள்ளையில கொண்டு வரணும். நாளன்னிக்குக் காலையில ரெண்டையும் ஒரே அளவா வெட்டிக் கொண்டாம்மா. எது எங்களோடது, எது உன்னோடதுன்னு எங்க மாஸ்டர் சரியாச் சொல்லிட்டார்னா வேலை கிடையாது. அவரால முடியலைன்னா அன்னிக்கே சேர்ந்துக்கலாம்."

அந்த மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. அதுவரை வந்த ஏழு பேரையும் வந்த வழியே அனுப்பியவர்.

ஆனால் இந்த வேலை அவளுக்கு வேண்டும். பத்து வருஷமாக அக்கம்பக்கத்தாரின் வெளுத்த சட்டைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் உயிர் கொடுத்தும், "ஏதோ பொழுது போகாம செய்யுது" என்ற பேர்தான் மிச்சம். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குச்சியால் ஒரு துண்டை எடுத்து அலசிப் பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தாள். ஈரத்தில் எந்த நிறமும் ஒரு படி கூடுதலாகத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணை மூடினாள், திறந்தாள்.

"சிவப்பு தூக்கலா இருக்கு."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"போன வாரம் கால் ஒண்ணுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டுட்டு வேலைக்குப் போன ஆளு நீங்க. பேசாம இருங்க."

நீலத்தில் ஒரு சிட்டிகை சேர்த்தாள். அடுத்த துண்டு செத்த நிறத்தில் வந்தது. அதற்கடுத்தது பீட்ரூட் போல. மதியத்துக்குள் எட்டுத் துண்டுகள் கொடியில் தொங்கின. கண்டக்டரின் முகம் அவற்றைவிட மோசமாகத் தொங்கியது.

"என்னாலதானே..." என்று ஆரம்பித்தான்.

"அடுப்பைக் குறைங்க."

ஒன்பதாவது துணியை ஜன்னலில் பிடித்தவள் மறுபடி கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"இதான்! கண்ணுல நிக்கிற நிறம் இதேதாங்க!"

மறுநாள் காலை, கம்பெனியின் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. தையற்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கணவன் வாசலோடு நின்றுகொண்டான். ராணியின் அங்கி ஜன்னலோரம் மாட்டியிருந்தது.

"ஐயா, முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன்..."

"பேச்சு அப்புறம். துணியைக் குடும்மா," என்றார் மாஸ்டர்.

"இல்லீங்கய்யா, அது வந்து..."

"துணி பேசட்டும்மா!"

கொடுத்தாள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் துண்டை அங்கியின் மேல் வைத்தார். துணி எங்கே முடிகிறது, அங்கி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"இது நம்மளோடது. என் கையால போட்ட சாயம். இருட்டுல காட்டினாலும் சொல்லுவேன்."

இரண்டாவதை வைத்தார். சாய்த்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது அந்தம்மாவோடது. கிட்டத்தட்ட வந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா நம்ம சாயத்துல ஒரு ஆழம் இருக்கு பாருங்க, அது இதுல இல்ல. வீட்டு அடுப்புல அது வராது."

தையற்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். வாசலில் கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

முதலாளியம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "நல்ல கைம்மா உனக்கு. ஆனா சொன்னா சொன்னதுதான். மாஸ்டர் கண்டுபிடிச்சிட்டாரே."

"இப்பவாவது நான் சொல்லலாமாம்மா?"

"சொல்லு."

"நீங்க குடுத்த துணியை எங்க வீட்டுக்காரர் கரித்துணின்னு நினைச்சுப் பாத்திரம் இறக்கி, முந்தாநாளே அடுப்புல பொசுக்கிட்டாரும்மா. இந்த ரெண்டுமே, ஞாபகத்தை வச்சு நான் சாயம் போட்ட ஒரே துணியில வெட்டினதுங்க."