மூணு மூலை

அந்த மூலைக்கு ஓர் அங்குலம் முன்பே, மரம் தேய்க்கும் சாண்டர் மெஷினைத் திருப்பிக்கொண்டேன்.

பலகையின் மற்ற இடமெல்லாம் நானூறாம் நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று. இரண்டு அடர்பழுப்பு மரத்துண்டுகள். நடுவே வளைந்து ஓடும், பிசின்போல ஊற்றி இறுகவைத்த நீல ரெசின். வளைவு என் மனைவி வரைந்தது. வலது மூலைக்குப் போய் அகன்று முடிகிறது.

அங்கேதான் அந்தக் கைரேகை இருக்கிறது.

காயாத ரெசினை விரலால் தொட்டுப் பார்ப்பது அவளுடைய கெட்ட பழக்கம். ஒரு பலகை தப்பாது. தேய்த்து எடுப்பது என் வேலை. கத்தினால், "உனக்குன்னு ஒரு வேலை வேணாமா?" என்பாள்.

இதைத் தேய்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். காலையில் ரெசின் ஊற்றினாள். மதியம் காய்ச்சல் ஏறியது. குமிழி வந்தால் சூடு காட்டி உடைக்க ஆள் வேண்டும் என்று என்னை இங்கே பட்டறையிலேயே நிறுத்திவிட்டு, ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவதாக அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இரவுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நாளில் பாதி என்னிடம் இல்லை. யார் வந்தார்கள், யாரிடம் என்ன பேசினேன், ஒன்றும் நினைவில்லை.

இன்று அந்த அண்ணன், என் மச்சான், பலகையை எடுத்துப்போக வருகிறார். வருகிறவர்களுக்குப் பரிமாற ஒரு நல்ல பலகை வேண்டும் என்று அத்தை கேட்டுத்தான் அவள் இதை ஆரம்பித்தாள். மகள் கைபட்ட கடைசிப் பொருள். தரமாட்டேன் என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது?

இதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்துவிடலாம் என்றும் பார்த்தேன். மரம் என் கைக்கு வரும். ரெசின் வராது. இரண்டு முறை கலந்தேன். இரண்டும் இறுகாமல் பாகு மாதிரியே நின்றன.

ரேகையைப் பற்றிச் சொன்னால் அதுவும் பலகையோடு போய்விடும். சொல்லாவிட்டால் நானே அதைத் தேய்த்து அழிக்க வேண்டும்.

சாண்டரின் அதிர்வில், பெருவிரலில் உளி கிழித்த பழைய தழும்பு விண்விண் என்றது.

மச்சான் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். எங்கேயும் தாமதமாகத்தான் வருவார். இன்று பார்த்து முன்னதாக வந்து நின்றார்.

"என்ன மாப்ள, பேய் அறைஞ்ச மாதிரி பாக்குற? நானும் ஒரு நாள் நேரத்துக்கு வரக் கூடாதா?"

பலகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். கை அந்த மூலையில் நின்றது.

"இங்க மட்டும் ஏன் மங்கலா கெடக்கு? சோம்பலா?"

"அங்க இன்னும் காயல மச்சான்."

நகத்தால் குத்திப் பார்த்தார். "மாசக்கணக்காச்சு, இனிமேலா காயப் போவுது? கல்லு மாதிரி இருக்கு. மெஷினக் குடு, நானே ஒரு இழுப்பு இழுத்துடறேன்."

பலகையை மேசையில் வைத்தார். சாண்டர் அவர் கைக்குப் போய்விட்டது. சுவிட்சைத் தட்டினார். அது இரைந்துகொண்டு கீழே இறங்கியது.

மூலையைக் கையால் பொத்தினேன்.

"வேணாம். அது அவ விரலு."

மெஷின் நின்றது.

மச்சான் சட்டைப்பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் சின்ன லென்ஸை எடுத்து ஒற்றைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு மெல்லிய கோடு ஓடும். ஏதோ தூசி இழை விழுந்த தடம் என்று நான் விட்டுவைத்திருந்தேன். அதையும் பார்த்திருப்பார்.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினார்.

"ஓடுற மெஷினுக்கு அடியில கைய விடுறியே, லூசா நீ? பட்டுச்சா?"

ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை.

"அறுத்துடு," என்றார்.

"எத?"

"அந்த மூலைய. அறுத்து நீ வெச்சுக்க. அம்மாவுக்கு மூணு மூலை போதும்."

"அத்தை கேட்டாங்கன்னா?"

"வர்ற வழியில இடிச்சு ஒடைச்சிட்டேன்னு சொல்றேன். அம்மாகிட்ட திட்டு வாங்குறது எனக்குப் புதுசா?"

மெல்லிய பல் ரம்பத்தை எடுத்தேன். மச்சான் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நீலத் தூள் அவர் செருப்பின் மேல் உதிர்ந்தது. வெட்டிய விளிம்பை மழுக்கி, முழுப் பலகைக்கும் எண்ணெய் தடவித் துடைத்தேன். மரம் கருத்து உயிர் பெற்றது.

பலகையைத் தோள்துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமலே போனார்.

கதவைச் சாத்தினேன். மூலைத்துண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. இனி இதை யாரும் கேட்டு வரப்போவதில்லை.

பெருவிரல் தானாகவே போய் அந்த ரேகைப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

விரலை எடுத்துப் பார்த்தேன். உளித் தழும்பு. துண்டைப் பார்த்தேன். சாய்ந்த கோடு. மறுபடி வைத்தேன். தழும்பு கோட்டின் மேல் படிந்தது.

மச்சான் என் கையில் தேடியது காயத்தை அல்ல.

தொலைந்துபோயிருந்த அந்த நாளிலிருந்து ஒரு துணுக்கு மட்டும் திரும்பி வந்தது. போன். பின்னால் ஏதோ ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் சத்தம். அவளுடைய களைத்த குரல்.

"தொட்டுப் பாத்தியா?"

போனைக் காதில் வைத்தபடியே மேசைக்கு வந்திருக்கிறேன். குனிந்து தொட்டிருக்கிறேன்.

"இன்னும் ஒட்டுது."

"அப்ப விடு. நான் வந்து பாத்துக்கறேன்."