மூடிக்கு உட்புறம்

"இதுக்குப் பேரு என்ன தம்பி?" மூன்றாவது தடவையாகக் கேட்டார் வீட்டுக்காரர் லொவெல்.

"ப்ளோயர் சார். சூடான காத்தை வீடு பூரா தள்ளிவிடுற விசிறி," என்றான் கர்ட்டிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. மெக்கானிக்காக அவனுக்கு இது முதல் குளிர்காலம். அமெரிக்காவின் டுலூத் நகரமே மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில் விறைத்துக் கிடக்க, இந்த வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரியமாட்டேன் என்கிறது. இருட்டுவதற்குள் சரிசெய்யாவிட்டால் தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும்.

"அப்போ இது?"

"ஃபில்டர். தூசியைப் பிடிக்கும்."

"மேல சுவத்துல ஒண்ணு நம்பர் காட்டிக்கிட்டு இருக்கே?"

"தெர்மோஸ்டாட். இவ்வளவு சூடு வேணும், இது போதும்னு ஃபர்னஸுக்குச் சொல்றது அதுதான்."

"அடேயப்பா! அதிகாரி அவன்தானா?"

பேஸ்மென்ட் படியில் கோட்டும் குல்லாயுமாக நின்ற அவர் மனைவி மார்லிஸ், "லொவெல், பையனை வேலை செய்ய விடு. மேல வா, காப்பி ஆறுது" என்றாள். மனிதர் அசைந்தால்தானே!

கர்ட்டிஸ் ஃபர்னஸின் மூடியை மாட்டி சுவிட்சைப் போட்டான். சுடர் பற்றியது. ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது. இதோடு நான்கு முறை.

சுவிட்சை அணைக்காமலே மறுபடி மூடியைக் கழற்றக் கை வைத்தான். அதற்குள் லொவெல் எட்டி சுவிட்சை அணைத்துவிட்டார். கண்டதையும் நோண்டுகிறாரே என்று அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

ஆபீசுக்குப் போன் போட்டான். "எல்லாரும் வெளியே போயிருக்காங்க. நீயே பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. கழற்றிய மூடி விறைத்த விரல்களிலிருந்து நழுவி, குப்புற விழாமல் மல்லாந்து விழுந்தது.

உட்புறத்தில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. பழைய மெக்கானிக்குகள் அடுத்து வருகிறவனுக்கு இப்படி எழுதிவைப்பது வழக்கம்தான். பதற்றத்தில் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

'பத்திக்கிட்டு உடனே அணைஞ்சா பயப்படாதே. சுடர் பக்கத்துல ஒரு சின்னக் கம்பி இருக்கும். சுடர் எரியுதான்னு பாக்குறது அதுதான். அழுக்கா இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாது. கழற்றித் தேய்.'

கீழே வரிசையாகப் பதினெட்டு வருடத் தேதிகள். எல்லாம் ஒரே கையெழுத்து. கடைசித் தேதிக்கே மூன்று வயதாகியிருந்தது.

மார்லிஸ் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்த்து மாட்டினான். சுடர் பற்றியது. ஐந்து, பத்து, இருபது எண்ணினான். நின்று எரிந்தது!

"இதை எழுதின ஆளோட கைக்கு முத்தம் குடுக்கணும் சார்!" என்று கத்தினான் கர்ட்டிஸ். "ஊர்லதான் இருக்காரா? நான் போய்ப் பாக்கணும்."

லொவெல் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "வேலை தெரிஞ்சவன்தான். மார்லிஸ், யாரு இவன்? உனக்குத் தெரியுமா?"

மார்லிஸ் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான், லொவெல்."