முங்கத் தெரிந்த மாப்பிள்ளை

"கடல்ல முங்குறவனுக்கெல்லாம் எங்க வூட்ல பொண்ணு இல்ல. தட்டை எடுத்துக்கினு கெளம்புங்க!"

செல்லியம்மாள் போட்ட கத்தலில், வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா ஈஸ்வரி அதை அப்படியே பாயில் வைத்துவிட்டாள். கதவோரம் நின்ற பிரியதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் வந்தவர்களை வாய் நிறைய வரவேற்று, சாமைப் பாயசம் கிண்டிக் கொடுத்ததும் இதே சித்திதான்.

எல்லாம் மாப்பிள்ளை பூவரசன் செல்போனை எடுத்துத் தன் வேலைப் படங்களைக் காட்டும்வரைதான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். ஓமனில், கூட்டம் வந்து இன்னும் கெடுத்துவிடாத ஒரு கடலோரத்தில் வேலை பார்க்கிறான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டுவது, கரையேறி முட்டையிடும் ஆமைகளைக் காட்டுவது, மறுநாள் ஜீப்பில் பாலைவனம்.

"கல்யாணம் ஆன அடுத்த மாசம் பிரியாவுக்கும் பத்து நாள் சுத்திக் காட்டப்போறேன் மாமா" என்று, தான் முங்கும்போது போடும் கண்ணாடியையும் தண்ணீர் புகாத டார்ச்சையும் பையிலிருந்து எடுத்து வைத்தான். கடலையே பார்த்திராத பிரியா மனசுக்குள் விமானமே ஏறிவிட்டாள். சித்தியின் முகம் கறுத்தது அப்போதுதான்.

"இன்னா சித்தி, இவ்ளோ நேரம் நல்லாத்தான இருந்த?"

"ஏமாத்துறான்டி! அங்க எச்சித்தட்டு கழுவுறவனா இருப்பான். எவனோ முங்குன போட்டோவைக் காட்டி சீன் போடுறான்."

பூவரசன் பல்லைக் கடித்தான். பிரியாவின் அப்பா லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஊர் வழக்கப்படி வெற்றிலைத் தட்டை வீட்டுச் சுமங்கலி கைநீட்டி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு செல்லாது. தாயில்லாத அந்த வீட்டில் இருந்த ஒரே சுமங்கலி செல்லியம்மாள்.

அவள் புருஷன் வடிவேலு, லட்சுமணனின் தம்பி. காபித் தோட்ட வேலைக்கென்று பைக்கை எடுத்துக்கொண்டு கேரளாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, திரும்பி வரவில்லை. எப்போதாவது போன் பண்ணுகிறான் என்று அவள் சொல்வதோடு சரி.

தனக்கு வாய்க்காத வாழ்வு இன்னொருத்திக்கு வாய்த்துவிடுமோ என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன? பிரியாவுக்கு அப்படித்தான் பட்டது. வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அவரு முங்கிக் காட்டிட்டா தட்டை வாங்குவியா சித்தி?"

"எங்கடி முங்குவான்? மலை மேல கடலா கீது?"

"நம்ம கொல்லைக் கெணறு கீதே!"

சித்தி சட்டென்று கொல்லைக் கதவை மறித்து நின்றாள்.

"ஆடு வுழுந்து செத்து நாறுன கெணறுடி அது! அதுக்குத்தான முள்ளு வெட்டிப் போட்டு மூடி வெச்சிருக்கேன்? அதுல எவனாவது எறங்குவானா?"

அது உண்மைதான். அந்த நாற்றத்துக்குப் பயந்து பத்து நாள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு போர் போட்டுத் தண்ணீர் வந்ததும் கிணற்றை எல்லோரும் மறந்தே போனார்கள்.

"செத்த ஆடு எப்பவோ மக்கிப் போயிருக்கும்ங்க. நான் எறங்குறேன்" என்று பூவரசன் சட்டையைக் கழற்றினான். எச்சித்தட்டு அவனை அவ்வளவு சுட்டிருந்தது.

கிணற்றடியில் அவன் முள்ளை இழுத்துப் போடப் போட, செல்லியம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்! உள்ள பாம்பு கீது. சேறு கீது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"எச்சித்தட்டுன்னு திட்டுன வாய்க்கு இப்ப இன்னா அக்கறை?" என்று ஈஸ்வரி வெடுக்கென்று கேட்டாள். "அவன் எறங்கட்டும், வுடுங்க."

பூவரசன் கண்ணாடியை மாட்டினான். டார்ச்சைக் கையில் பிடித்துப் படிக்கட்டில் இறங்கி, பச்சைத் தண்ணீருக்குள் மறைந்தான்.

குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றது. பிரியா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். ஐம்பது, அறுபது, எழுபது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். திரும்பினாள். செல்லியம்மாள்! கூந்தல் அவிழ்ந்து, மூச்சிரைக்க, பாயில் கிடந்த வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். வழியெல்லாம் பாக்கு சிந்தியிருந்தது.

"வாங்கிட்டேன்! நான் தட்டை வாங்கிட்டேன், எல்லாரும் பாத்துக்குங்க! எனக்கு முழுச் சம்மதம். போதும், அவரை மேல வரச் சொல்லுங்க!"

'அவன்' அதற்குள் 'அவர்' ஆகியிருந்தான். பிரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டாள், கடலும் ஆமையும் பாலைவனமும் இனி அவளுக்குத்தான்.

தண்ணீர் விலகிப் பூவரசனின் தலை தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அவன் பிரியாவைப் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. லட்சுமணனைத்தான் பார்த்தான்.

"மாமா, கீழ கெடக்கிறது ஆடு இல்லீங்க. பைக்கு."