ஒரு எலிகூடக் குறை சொன்னதில்லை

இங்கிலீஷ் அகராதி ஒன்றைப் பாதிவரை தின்றிருந்ததால் மளிகைக் கடைச் சுண்டெலிக்குத் தலைகால் புரியாத கர்வம். கடைக்காரர் வைத்த எலி பிஸ்கட் பெட்டியை உருட்டி வந்து பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டியது.

"இங்கிலீஷ்ல போட்டிருக்கான் பாருடி! இதைத் தின்ன எலி ஒண்ணுகூட இதுவரைக்கும் குறை சொன்னதில்லையாம்."

"நல்லாருக்குன்னு எத்தனை எலி சொல்லிச்சாம்?" என்றது பெண்டாட்டி எலி.

சுண்டெலி பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "அதைப் போடலையே."

"அப்ப, தின்ன எலி ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க. கேட்டுட்டுத் தின்னலாம்."

பொந்து பொந்தாக அலைந்துவிட்டுச் சாயங்காலம் தனியாகத் திரும்பிய சுண்டெலி, பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பெண்டாட்டி எடுத்து வைத்திருந்த கருவாட்டைக் கடித்தது.

"உப்புக் கரிக்குதுடி!" என்று வாய் நிறையக் குறை சொன்னது.