நீலக் கோடுகள்

“இங்க பாருமே, புள்ளைங்க உசரத்த அளந்து கோடு போட்டு வச்சிகீறாங்கோ!”

பாழடைந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் சாவியோ கூவினான். சுவரில் படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்டில் நாலைந்து கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர், ஒரு வருஷம். மலிகா. அருள்நாதன். ராமசெல்வி.

அவன் மனைவி ரேச்சல், ஆறு வயது சாராவை இடுப்பிலிருந்து இறக்கினாள். ராயபுரத்தில் குடியிருந்த வீட்டை ஓனர் இடித்துவிட்டார். எண்ணூர்ப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு ஸ்கூல் சும்மா கிடக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோஸ்து ஒருவன் சொன்னதை நம்பி, மூட்டை முடிச்சோடு வந்திருந்தார்கள்.

கூரை ஒழுகவில்லை. மூலையில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, சாவியோ அவற்றை ஓரங்கட்டிவிட்டு மூட்டையை இறக்கினான்.

ரேச்சல் சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு நல்ல கட்டடத்தை ஊர்க்காரர்கள் ஏன் விட்டுவைத்தார்கள்?

“இன்னாய்யா, வாசல்ல தொடக்கப்பள்ளின்னு போட்டுகீது. அஞ்சாவது வரைக்கும்தானே? அந்த மேல் கோடு உன் தலைக்கு மேல கீதே!”

“மீனு துன்னு வளந்த புள்ளயா இருக்கும். உனுக்கு எத பாத்தாலும் பேஜாருதான்.”

அவன் மகளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். அடுப்புக்கரித் துண்டால் அவள் உச்சந்தலைக்கு நேராகக் கோடு கிழித்து, ‘சாரா’ என்று எழுதி, இந்த வருஷத்தையும் போட்டான். சாரா கை தட்டினாள்.

வெளியே வானம் இருட்டியது. தூரத்துப் புகைபோக்கிகளை மறைத்துக்கொண்டு மழை இறங்கியது. கொஞ்ச நேரத்திலேயே வாசற்படி தண்ணீருக்குள் போய்விட்டது.

தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். ஆட்டுக்காரி மங்கம்மா. மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் ரேச்சல் நினைத்தாள். அவளோ ஆடுகளை அவிழ்த்து, கொட்டும் மழைக்குள் இழுத்தாள்.

“அக்கா, ஆடு நனையுதே! இங்கயே கட்டேன்.”

“பாலத்து மேல இஸ்துகினு போறேன். நீங்க யாரு? பச்சப்புள்ளய வச்சிகினு இங்க இன்னா பண்றீங்கோ?”

“குடி வந்துகீறோம்க்கா.” சாவியோ பெருமையாகச் சுவரைக் காட்டினான். “எங்க பொண்ணு உசரத்தயும் போட்டாச்சு.”

மங்கம்மாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. பாய்ந்து வந்து, ஈர முந்தானையால் சாராவின் பெயரைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

“நைனா, அது புள்ளைங்க உசரமில்ல. தண்ணி நின்ன உசரம்... பேரு, அந்தத் தண்ணியில போன புள்ளைங்களுது!”